12 டெஸ்டர் தேடும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆப் செய்யும் தம்பி தங்கைகளுக்கும், அந்தக் குழுக்களை நடத்தும் அட்மின்களுக்கும்,

வணக்கம். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ‘உன் ஆப்பை நான் போட்டுப் பார்க்கிறேன், என் ஆப்பை நீ போட்டுப் பார்’ என்று நீங்கள் வைத்திருக்கும் ‘டெஸ்டர் எக்ஸ்சேஞ்ச்’ குழுக்கள் சிலவற்றில் நானும் இருக்கிறேன். எதுவும் பேசாமல் படித்துக்கொண்டிருக்கிற ஆள். ஆப் டெஸ்டிங்தான் எனக்குப் பிழைப்பு, அதனால் ஒரு ஆர்வத்தில் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து பார்ப்பது ஒரே மாதிரியான செய்திதான்: ‘ப்ரோ உங்க ஆப் போட்டுட்டேன், ஸ்கிரீன்ஷாட் இதோ, என்னதையும் போடுங்க.’ அதற்குக் கீழே இன்னொருவர், அவருக்குக் கீழே இன்னொருவர். பத்தாவது நாளில் யாரோ ஒருவர் ஆப்பை எடுத்துவிட்டு டெஸ்டர் பட்டியலிலிருந்தும் விலகிவிட்டார் என்று ஒரு சண்டை. அப்புறம் மறுபடி ஸ்கிரீன்ஷாட்.

இது நம் ஊர் மொய்க் கணக்கு. நீ எனக்கு எழுதினாய், நான் உனக்குத் திருப்பி எழுதிவிட்டேன், கணக்கு நேர். மொய்யிலாவது கல்யாண வீட்டுக்குச் செலவுக்குக் காசு மிஞ்சும். இதில் உங்கள் ஆப்புக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்கத்தான் இந்த மடல்.

விஷயம் தெரியாத யாராவது படித்தால் அவர்களுக்காக இரண்டு வரி. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் கூகுள் பிளே டெவலப்பர் கணக்கு தொடங்கியவர்கள், ஆப்பை எல்லோருக்கும் வெளியிடுவதற்கு முன் ‘குளோஸ்டு டெஸ்டிங்’, அதாவது அழைத்தவர்களுக்கு மட்டும் ஆப்பைத் தரும் சோதனை, நடத்தியே ஆக வேண்டும். முதலில் 20 டெஸ்டர் என்றார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் 14 நாள் இடைவிடாமல் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளியீட்டு அனுமதிக்கு விண்ணப்பமே போட முடியும். நிறுவனப் பெயரில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது.

இந்த விதி எனக்கும் உவப்பானது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டிவிட்டு, ஒரே டெம்ப்ளேட்டில் நூறு ஆப்களைக் கொட்டுகிறவர்களைத் தடுக்க ஏதோ ஒரு வேலி வேண்டும், சரி. ஆனால் தலையை எண்ணுகிற வேலி, சென்னையில் ஐடி கம்பெனியில் இருப்பவருக்கு ஒரு மதிய சாப்பாட்டு நேரத்து வேலை, அவர் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்களின் ஜிமெயிலை வாங்கினால் முடிந்தது. சங்கரன்கோவிலில் தனியாக உட்கார்ந்து யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஃபிளட்டர் என்ற கருவியில் ஆப் செய்த பெண்ணுக்கு அதுவே பெரிய மலை. நிறுவனமாகப் பதிவு செய்யலாமே என்றால் அதற்கு நிறுவனங்களுக்கான டன்ஸ் என்ற அடையாள எண், பதிவுச் சான்று என்று வேறு படிக்கட்டுகள். ஆகவே நீங்கள் குறுக்கு வழி தேடியதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, கோபமும் இல்லை.

என் வருத்தம் வேறு. விதி மோசமாக இருக்கட்டும், அதன் சாக்கில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய ஒரே நல்ல விஷயத்தையும் நீங்கள் கைவிடுகிறீர்கள். ஆப் உலகத்துக்குப் போகும் முன் 12 நிஜ மனிதர்கள் இரண்டு வாரம் அதைக் கையில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய வசதி தெரியுமா? பெரிய கம்பெனிகள் இதற்காகவே தனியாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கின்றன. உங்களுக்கு அந்த 12 இடமும் இருக்கிறது, அதில் 12 ஸ்கிரீன்ஷாட்டை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் குழுவில் நடப்பதை ஒரு டெஸ்டராக நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். ஆப்பை நிறுவுபவரும் டெவலப்பர். அவரிடம் இருப்பது நல்ல போன், நல்ல நெட், ஆப் எப்படி இயங்கும் என்ற அறிவு. பொத்தானைப் பார்த்ததும் எதற்கு என்று புரிந்துகொள்வார். ஏதாவது நின்றுவிட்டால் மூடிவிட்டுத் திறப்பார், உங்களிடம் சொல்ல மாட்டார், ஏனென்றால் அவருக்கு உங்கள் ஆப்பில் எந்த வேலையும் இல்லை. தினமும் ஒருமுறை திறந்து மூட வேண்டும் என்று சில குழுக்களில் சட்டம் போட்டிருக்கிறீர்கள், அதையும் பார்த்தேன். பத்து வினாடி திறந்து மூடுவதில் கிடைக்கும் ஒரே தகவல், ஆப் பத்து வினாடி திறந்திருக்கும் என்பதுதான். அதைச் சொல்ல மனிதரே தேவையில்லை, டெஸ்டிங்குக்கு நீங்கள் ஏற்றும் பில்டை (ஆப்பின் அந்தப் பதிப்பை) கூகுளே தன்னுடைய லேப் போன்களில் ஓட்டி, எங்கே க்ராஷ் ஆகி மூடிக்கொள்கிறது என்று ‘ப்ரீ லாஞ்ச் ரிப்போர்ட்’ தருகிறது, அதைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள் உங்களில் எத்தனை பேர்?

காசு வாங்கிக்கொண்டு 12 பேரைப் பிடித்துத் தருகிறவர்களும் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் ‘உங்கள் ஆப்புக்கு இன்னும் சோதனை தேவை, டெஸ்டர்கள் ஆப்பைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை’ என்று பதில் வந்து, இன்னொரு 14 நாள் என்று குழுவில் தலையில் கைவைத்து உட்காருகிறீர்கள்.

நிஜ டெஸ்டர் என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். தெரிந்த பையன் ஒருவன் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர்களுக்காக ஒரு பால் கணக்கு ஆப் செய்திருந்தான். எந்த வீட்டுக்குக் காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு, மாதக் கடைசியில் பில். பார்க்க நன்றாக இருந்தது. இதே மாதிரி ஒரு குழுவில் போட்டு 12 பேரும் ‘நைஸ் ஆப் ப்ரோ’ சொல்லியிருந்தார்கள். நான் அவனை எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அண்ணனிடம் அழைத்துப்போய் ஒரு நிபந்தனை வைத்தேன்: நீ வாயைத் திறக்கக் கூடாது, அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க மட்டும்தான் வேண்டும்.

விடியாத நேரம். அவர் கை ஈரம், திரை தொட்டதைக் கேட்கவில்லை, வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். வெள்ளைத் திரை கண்ணில் அடிக்க, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். முதல் வீடு அரை லிட்டர். ‘தம்பி, அரைக்கு எங்க அமுக்கணும்?’ என்றார். பையன் வாயைத் திறக்கப் பார்த்தான், நான் கையைப் பிடித்தேன். அவர் கொஞ்ச நேரம் எண் பலகையைப் பார்த்துவிட்டு, ஐந்நூறு மில்லிதானே என்று 5-ஐத் தட்டிச் சேமித்தார். ஆப் அதை 5 லிட்டர் என்று மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டது. அடுத்த வீட்டில் ‘இன்னிக்கு வேணாம்ணே, ஊருக்குப் போறோம்’ என்றார்கள். அவர் 0 போட்டார். ‘சரியான அளவை உள்ளிடவும்’ என்று சிவப்பில் வந்தது. வேண்டாம் என்பதும் ஒரு கணக்கு என்று ஆப்புக்குத் தெரியவில்லை. மூன்றாவது வீடு தகரக் கூரைக்கு அடியில், சிக்னல் இல்லை, சேமிக்கும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அந்த வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். ‘இது நல்லாத்தான் இருக்கு, ஆனா காலண்டர்லன்னா வேலை சீக்கிரம் முடியுது’ என்று மரியாதையாகச் சொன்னார்.

மூன்று வீட்டுக்குள் நான்கைந்து கோளாறு, அதுவும் எதிலும் க்ராஷ் கிடையாது. ஸ்கிரீன்ஷாட் போட்ட 12 பேரின் கண்ணில் இதில் ஒன்றுகூடப் பட்டிருக்காது, ஏனென்றால் அவர்களில் யாரும் பால் ஊற்றவில்லை. பையன் அப்புறம் கால், அரை, முக்கால், ஒன்று என்று நான்கு பெரிய பொத்தான் வைத்தான், ‘இன்று இல்லை’ என்று ஒன்று சேர்த்தான், எல்லாவற்றையும் முதலில் போனிலேயே சேமித்துவிட்டு நெட் வரும்போது மேலே அனுப்பும்படி மாற்றினான். கடைசி வேலைதான் அவனுக்குப் பல ராத்திரிகளைத் தின்றது, ஆனால் வெளியிட்ட பிறகு அதைச் செய்ய வேண்டியிருந்தால் அதற்குள் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் விழுந்திருக்கும். குளோஸ்டு டெஸ்டிங்கில் டெஸ்டர் சொல்லும் குறை உங்களுக்கு மட்டும்தான் தெரியும், ரேட்டிங்கில் ஏறாது. திட்டு வாங்க அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு கிடையாது.

‘அண்ணா, எனக்கு 12 பேரைத் தெரியாதே’ என்பீர்கள். உங்களுக்கு 12 டெவலப்பரைத் தெரியாது, அவ்வளவுதான். ஆப் யாருக்காகச் செய்தீர்களோ அவர்களில் 12 பேரைத் தெரியாது என்றால், அந்த ஆப்பை ஏன் செய்தீர்கள் என்று முதலில் யோசிக்க வேண்டியிருக்கும். வாய்ப்பாடு ஆப் என்றால் தெருவில் டியூஷன் எடுக்கும் டீச்சரிடம் போங்கள், அவரிடம் வரும் பிள்ளைகளின் பெற்றோரே பத்துப் பேர் தேறுவார்கள். மருந்து நினைவூட்டும் ஆப் என்றால் சர்க்கரை மாத்திரை போடாத வீடு நம் ஊரில் எங்கே இருக்கிறது? பஸ் நேரம் சொல்லும் ஆப் என்றால் பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருப்பவரைவிட நல்ல டெஸ்டர் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. கேட்பதற்குக் கூச்சம், அதுதான் உண்மையான தடை. கூச்சமாகத்தான் இருக்கும், போய்க் கேளுங்கள்.

ஆளைப் பிடிக்கும்போது போனையும் பாருங்கள். எல்லோரும் ஒரே மாதிரி புதுப் போன் வைத்திருந்தால் 12 பேர் இருந்தும் ஒருவர் இருப்பது போலத்தான். 2 ஜிபி ரேம் உள்ள பழைய போன் ஒன்றாவது இருக்கட்டும். எழுத்தின் அளவைக் கடைசி வரை பெரிதாக்கி வைத்திருக்கும் ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே நீளம், ‘ரத்து செய்’ என்ற பொத்தான் அவர் போனில் திரைக்கு வெளியே போய் நிற்கும், கணினியில் ஓடும் போலிப் போனான உங்கள் எமுலேட்டரில் அது ஒருநாளும் தெரியாது. ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்கள் கலந்து இருக்கட்டும். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்களை அவை கொல்லும் வேகத்தில் உங்கள் நினைவூட்டல் ஒலிக்காமலே போகலாம். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு அனுப்பவே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும், நம் ஆட்கள் எது கேட்டாலும் ‘அனுமதிக்காதே’ என்று தட்டிப் பழகிவிட்டார்கள், இரண்டு முறை அப்படித் தட்டிவிட்டால் மூன்றாவது முறை கேட்க முடியாது. உங்கள் போனில் நீங்கள் என்றைக்கோ அனுமதி கொடுத்துவிட்டீர்கள், அதனால் உங்களுக்கு எல்லாம் சரியாகவே ஓடும்.

தமிழ்ப் பெயர் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் செய்யும் ஆப்களிலேயே இது உடைவதைப் பார்க்கும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பெயர்ப் பெட்டியில் ஆங்கில எழுத்து மட்டும் என்று கட்டுப்பாடு போட்டுவிட்டு, ஆப்பின் பெயரை மட்டும் தமிழில் வைக்கிறீர்கள். கொஞ்சம் விவரமானவர்கள் ‘எந்த மொழி எழுத்தானாலும் சரி’ என்று சரிபார்க்கும் பேட்டர்ன் (எந்த எழுத்துகளை ஏற்கலாம் என்ற விதி) எழுதுகிறார்கள், அதிலும் ‘ராமு’ தோற்றுப்போகிறார். கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் துணைக்காலும் உகரக் குறியும் எழுத்து வகையில் சேராது, அவை குறி என்ற தனி வகை, அதையும் சேர்த்து எழுதினால்தான் ராமு உள்ளே வருவார். நீளக் கட்டுப்பாடும் இப்படித்தான். ‘கிருஷ்ணமூர்த்தி’ நம் கண்ணுக்கு 8 எழுத்து, கணினிக்கு 15. பன்னிரண்டு எழுத்துக்குள் பெயர் என்று நீங்கள் வைத்திருந்தால் பாவம் கிருஷ்ணமூர்த்தி. டெஸ்டர்களில் பாதிப் பேராவது தமிழ்க் கீபோர்டில் தட்டுகிறவர்களாகவோ மைக்கில் பேசி எழுதுகிறவர்களாகவோ இருந்தால் இதெல்லாம் முதல் நாளே வெளியே வந்துவிடும்.

அடுத்தது ஏபிகே, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமல் நேராகப் போனில் ஏற்றும் ஆப் கோப்பு. ‘லிங்க் எல்லாம் தொல்லை, ஏபிகே அனுப்புறேன், போட்டுப் பாருங்க’ என்று வாட்ஸ்அப்பில் கோப்பைத் தள்ளும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே வந்து, தொட்டவர்களின் வங்கிக் கணக்கு காலியான செய்தி எத்தனை வந்துவிட்டது! தெரியாத ஏபிகேயைத் தொடாதீர்கள் என்று போலீஸ் சொல்லிக்கொண்டிருக்க, உங்களுக்காகச் சோதிக்க வந்த அத்தைக்கு ‘போன் காட்டுறது வெறும் எச்சரிக்கைதான், ஓகே கொடுங்க அத்தை’ என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அடுத்த முறை அத்தைக்கு ஏபிகே அனுப்புகிறவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

தொழில் கணக்கிலும் அது வீண். பிளே வழியாகப் போகும் பில்டுக்கு கூகுள் தன்னிடமுள்ள சாவியால் டிஜிட்டல் கையெழுத்திடுகிறது (இது இன்னாருடைய ஆப் என்று காட்டும் முத்திரை), உங்கள் லேப்டாப்பில் எடுத்த ஏபிகேயின் கையெழுத்து பொதுவாக வேறு. ஏற்கெனவே ஏபிகே போட்டவரின் போனில் பிளே வழி வரும் ஆப் ஏறாது, பழையதை நீக்கினால்தான் ஏறும், நீக்கினால் அதில் அவர் பதிந்து வைத்த எல்லாம் போய்விடும். இன்னொன்று, கூகுள் கணக்கு வழியாக உள்நுழையும் வசதி. உங்கள் மேசையில் அழகாக வேலை செய்யும், பிளேயிலிருந்து இறக்கிய அன்றைக்கு யாராலும் உள்ளே போக முடியாது. காரணம், பிளேயின் சாவியை அடையாளம் காட்டும் ஷா-1 ‘கைரேகை’ எனும் எழுத்துத் தொடரை, உள்நுழைவைக் கவனிக்கும் கூகுள் சேவையான ஃபயர்பேஸில் சேர்க்க மறந்திருப்பீர்கள். ஏபிகே வழியாக ஆயிரம் பேர் சோதித்தாலும் இந்தக் கோளாறு சிக்காது. பயனருக்கு ஆப் எந்த வழியில் போகுமோ அந்த வழியிலேயே டெஸ்டருக்கும் போக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். போதாததற்கு, சரிபார்க்கப்பட்ட டெவலப்பரின் ஆப் மட்டுமே சான்றளித்த ஆண்ட்ராய்டு போன்களில் சாதாரணமாக ஏறும் என்று 2025 ஆகஸ்ட்டில் கூகுள் அறிவித்துவிட்டது, பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் கொண்டுவருவதுதான் திட்டம். ஏபிகே பாதை எப்படியும் குறுகிக்கொண்டுதான் போகிறது.

அவசரமாக ஒரு பில்டை இரண்டு மூன்று பேரிடம் காட்ட வேண்டுமென்றால் டெவலப்பர்கள் ஆப்பை ஏற்றும் தளமான பிளே கன்சோலிலேயே ‘இன்டர்னல் டெஸ்டிங்’ இருக்கிறது, 100 பேர் வரை சேர்க்கலாம், சீக்கிரம் போய்ச் சேரும். ஆனால் அங்கே சேர்ந்தவர்கள் அந்த 12-இல் சேர மாட்டார்கள். முதல் வாரம் இன்டர்னலில் அசிங்கமான கோளாறுகளைத் தீர்த்துவிட்டு அப்புறம் குளோஸ்டுக்குப் போவது என் வழக்கம்.

இனி நடைமுறைத் தொல்லை. லிங்க் அனுப்பியதும் பாதிப் பேர் ‘ஒன்றும் வரவில்லை’ என்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நீங்கள் பட்டியலில் போட்ட ஜிமெயில் ஒன்று, அவர் போனின் பிளே ஸ்டோரில் இருப்பது வேறு. அம்மா போனில் இருக்கும் கணக்கு நீங்கள் காலேஜ் படிக்கும்போது தொடங்கிய உங்கள் பழைய ஜிமெயிலாகவே இருக்கும், அம்மாவுக்கு அது தெரியாது, உங்களுக்கும் மறந்திருக்கும். ஆகவே ‘உங்க மெயில் ஐடி சொல்லுங்க’ என்று கேட்காதீர்கள். பிளே ஸ்டோரைத் திறந்து அதில் இருக்கும் கணக்குப் படத்தைத் தொடச் சொல்லி, அங்கே தெரியும் முகவரியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குளோஸ்டு டெஸ்டிங்கின் முதல் பில்டை கூகுள் பரிசீலித்து முடிக்கும் வரை லிங்க் வேலை செய்யாது, அதற்குள் லிங்கை அனுப்பி ஆட்களை அலுப்பாக்காதீர்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து முதல் நிறுவலைச் செய்துகொடுங்கள், ‘டெஸ்டராகச் சேர்’ என்ற பொத்தானைத் தட்டாமலே லிங்கைப் பார்த்துவிட்டு மூடுகிறவர்கள் நிறைய. 12 பேர் வேண்டுமென்றால் 18 பேரைச் சேருங்கள். யாராவது போனை மாற்றுவார், யாராவது விலகுவார், எண்ணிக்கை 12-க்குக் கீழே போனால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

சேர்ந்த பிறகு ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு தம்பி’ என்றுதான் வரும், நம் ஊரில் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டார்கள். வேலை கொடுங்கள். ‘இன்னிக்கு மூணு வீட்டுக் கணக்கு எழுதுங்க, நாளைக்குக் காலையில ஒண்ணைத் திருத்துங்க’ என்று சொல்லுங்கள். எங்கே நின்றீர்கள், எதைத் தேடினீர்கள் என்று கேளுங்கள். பிளே ஸ்டோரில் டெவலப்பருக்குத் தனியாகக் கருத்து எழுதும் இடம் இருக்கிறது, ஆனால் யாரும் எழுத மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுங்கள், அதில் எரிச்சலும் சேர்ந்து வரும், அதுதான் வேண்டும். வந்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த இரண்டு வாரத்துக்குள் இரண்டு மூன்று முறையாவது புதுப் பில்ட் ஏற்றுங்கள். யார் சொன்ன குறையைச் சரிசெய்தீர்களோ அவருக்கு ‘நீங்க சொன்னதை மாத்திட்டேன்’ என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரிக்குப் பிறகு அவர் தானாகவே இன்னும் நான்கு குறை கண்டுபிடித்துத் தருவார், நான் பார்த்த வரையில் இது தவறியதில்லை.

14 நாள் முடிந்து விண்ணப்பிக்கும்போது கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: டெஸ்டர்களை எப்படிச் சேர்த்தீர்கள், அவர்கள் ஆப்பை எப்படிப் பயன்படுத்தினார்கள், என்ன கருத்து வந்தது, அதை எப்படித் திரட்டினீர்கள், அதனால் ஆப்பில் எதை மாற்றினீர்கள், வெளியிடத் தயார் என்று எப்படி முடிவு செய்தீர்கள். மொய்க் குழுவில் இருப்பவர் இங்கே கதை எழுத வேண்டும், சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்குகிறீர்கள் என்பதும் தெரியும். நோட்டு வைத்திருப்பவர் அதைப் பார்த்து எழுதினால் போதும்: பால் ஊற்றும் ஆட்கள் இத்தனை பேர், அரை லிட்டர் பதிவதில் குழம்பினார்கள், பொத்தான் மாற்றினோம், அதன் பிறகு தவறான பதிவு வரவில்லை. பதில் பொதுவாக ஏழு நாளுக்குள் வந்துவிடும்.

ஐபோன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு பத்தி. ஆப்பிளின் சோதனைச் சேவையான டெஸ்ட்ஃபிளைட்டில் 12, 14 என்ற கட்டாயமெல்லாம் இல்லை, வெளி ஆட்கள் 10,000 பேர் வரை சேர்க்கலாம், வெளி ஆட்களுக்குப் போகும் முதல் பில்டை ஆப்பிள் ஒருமுறை பார்த்துவிட்டு விடும், ஒவ்வொரு பில்டும் 90 நாளில் காலாவதி. 2010-இல் டெஸ்ட்ஃபிளைட் வரும் முன்பும், அது வந்து சில காலம் வரையிலும் ஒவ்வொரு டெஸ்டரிடமும் போனின் 40 எழுத்து அடையாள எண்ணை வாங்கி, அதைக் கணக்கில் பதிந்து, வருடத்துக்கு 100 கருவிதான் என்ற வரம்புக்குள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2014-இல் ஆப்பிள் அதை நடத்திய கம்பெனியையே வாங்கிப்போட்டது, அப்புறம்தான் இந்த வசதியெல்லாம். கட்டாயம் இல்லாததால் அங்கே எல்லோரும் ஒழுங்காகச் சோதிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வருடம் 99 டாலர் கட்டிவிட்டு தன் ஒரே போனில் மட்டும் ஓட்டிப் பார்த்து வெளியிடுகிறவர்கள் அங்கேயும் உண்டு.

கடைசியாக அட்மின்களுக்கு. உங்கள் குழுக்களில் சேரும்போது ஒவ்வொருவரும் ஊர் பேர் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேரின் அரைகுறை ஆப்களைத் தங்கள் சொந்தப் போனில், ஜிபேயும் வங்கி ஆப்பும் குடும்பப் படங்களும் இருக்கும் அதே போனில் ஏற்றுகிறார்கள். அந்த ஆப்கள் கான்டாக்ட், எஸ்எம்எஸ் என்று என்ன கேட்டாலும் ‘டெஸ்டிங்தானே’ என்று அனுமதி கொடுக்கிறார்கள். யாராவது ஒருவர் கெட்ட எண்ணத்தோடு உள்ளே வந்திருந்தால் தடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? குறைந்தபட்சம் பழைய போன் ஒன்றில் தனி ஜிமெயில் போட்டுத்தான் பிறர் ஆப்களை ஏற்ற வேண்டும் என்று குழு விதியில் எழுதுங்கள், காரணமில்லாமல் எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும் ஆப்பைக் குழுவிலிருந்தே தூக்குங்கள். அப்புறம், எல்லோர் ஜிமெயில் முகவரியையும் ஒரே கூகுள் ஷீட்டில் போட்டு, லிங்க் உள்ள யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்து, குழுவின் உச்சியில் பின் செய்திருக்கிறீர்களே, நான் இருக்கும் குழுக்களிலேயே இரண்டில் அப்படித்தான் இருக்கிறது, அதை இன்றைக்கே மூடிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களில் சத்தமில்லாமல் இருக்கும் ஒரு டெஸ்டர்